இரண்டு நொடி வேலை

கம்பெனி பந்தயத்தை விட்டுப் போகாது என்று அறிவித்த அன்றுதான் ஜாக்கிக்கு முதல் சந்தேகம் வந்தது. அதுவரை போகும் என்று யாரும் சொல்லியிருக்கவில்லை.

அறிவிப்பு பட்டறைக்குள்தான் நடந்தது. கம்பெனித் தலைவர் நேரில் வந்திருந்தார். பந்தயக் காரை ஓரமாகத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் மேடை போட்டிருந்தார்கள்.

"நாம பந்தயத்த விட்டுப் போறோம்னு சிலர் பேசறதா நெனச்சேன்," என்றார் தலைவர். "யாருன்னு விசாரிக்கச் சொன்னேன். யாரும் பேசலைன்னு தெரிஞ்சுது. ரொம்ப சந்தோஷம். இருந்தாலும் அவங்களுக்கு நான் பதில் சொல்லியாகணும். நாம எங்கயும் போகல. இந்த மண்ணுல வேர் விட்டாச்சு. இத எழுதியே குடுத்துடலாம்னு இருந்தேன். எழுதினா அது ஒப்பந்தம் ஆயிடும்னு வக்கீல் சொல்லிட்டார். அதனால மனசார வாயால சொல்றேன்."

எல்லோரும் கை தட்டினார்கள். பக்கத்தில் நின்றிருந்த, 'பின் ஜாக்கி' என்கிற கூட்டாளி கை தட்டிக்கொண்டே குனிந்து, "அட்டப்பெட்டி எங்க கெடைக்கும்னு இப்பவே விசாரிச்சு வைடா," என்றான்.

பந்தயத்தின் நடுவே சக்கரம் மாற்றக் கார் வந்து நிற்கும் இடத்துக்குப் பிட் என்று பெயர். அங்கே காரின் மூக்கைத் தூக்குபவன் முன் ஜாக்கி. வாலைத் தூக்குபவன் பின் ஜாக்கி. தூக்கியதும் நான்கு மூலைகளிலும் ஆட்கள் பாய்ந்து பழைய சக்கரத்தைப் பிடுங்கிப் புதியதை மாட்டுவார்கள். இறக்கிவிட்டால் கார் பறந்துவிடும். இருபது பேர், இரண்டு நொடி. அந்த இரண்டு நொடிக்காக வருஷம் முழுக்கப் பழகுவார்கள். முன் ஜாக்கியாக இருந்து இருந்து அவனுடைய பெயரே ஜாக்கி ஆகிவிட்டது. மாமியார்கூட உறவினர்களிடம் "ஜாக்கி மாப்பிள்ளை" என்றுதான் சொல்வார்.

பட்டறைக் கட்டடம் ஒன்றுதான். கம்பெனிகள்தான் மாறின. இது மூன்றாவது. பெயர்ப்பலகையைக் கழற்றும்போது பழைய எழுத்துகள் இருந்த இடம் மட்டும் சுவரில் வெளுப்பாக நின்றுவிடும். வெயில் சாயும் நேரத்தில் போன கம்பெனிகளின் பெயர்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் படிக்கலாம். வருகிற கம்பெனி முதல் காரியமாக எல்லோருக்கும் பெயர் அச்சடித்த மழைக்கோட்டு கொடுக்கும். போகும்போது அதைத் திருப்பிக் கேட்காது. ஜாக்கியின் வீட்டில் முதல் கம்பெனியை மகளுக்கு அளவு குறைத்துத் தைத்திருந்தார்கள். இரண்டாவது கம்பெனி வாஷிங் மெஷினைப் போர்த்தியிருந்தது.

அன்று மாலை மனைவி முட்டைக்கோஸ் நறுக்கிக்கொண்டே கேட்டாள். "என்னவாம் உங்க தலைவருக்கு? நேர்ல வந்தாராமே?"

"எங்கயும் போகலைன்னு சொன்னாரு."

கத்தி நின்றது. "யாராவது கேட்டாங்களா?"

"இல்ல."

"கேக்காமயே சொன்னாரா?"

"ஆமா. மனசார."

அவள் சிறுநீரக வார்டில் நர்ஸ். "எங்க வார்டுல நாம கேட்டு, 'நல்லாயிருக்காரு'ன்னு டாக்டர் சொன்னா நல்லாயிருக்காருன்னு அர்த்தம்," என்றாள். "யாரும் கேக்காம அவரா வந்து நின்னு சொன்னா, சொந்தக்காரங்களுக்குச் சொல்லி அனுப்புன்னு அர்த்தம்."

அவளுக்கு வேறொரு ஊரின் மருத்துவமனையிலிருந்து அழைப்பு வந்திருந்தது. சிறுநீரக வார்டுக்குத் தலைமை நர்ஸ். சீசனின் கடைசிப் பந்தயம் முடிந்த மறுநாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். இப்படி ஓர் அழைப்பு முன்பும் வந்தது. அப்போது இரண்டாவது கம்பெனி இருந்தது. அவர்களும் வேர் விட்டுவிட்டதாகச் சொன்னார்கள். அடையாளத்துக்கு வாசலில் ஒரு மரக்கன்றும் நட்டார்கள். அதை நம்பி அவள் அந்த வேலையை வேண்டாம் என்றாள். கன்று துளிர்ப்பதற்குள் கம்பெனி போய்விட்டது. மூன்றாவது கம்பெனி வரும்வரை ஜாக்கி வீட்டில் இருந்தான், அவள் இரண்டு ஷிப்டு பார்த்தாள், மகள் வேறு பள்ளிக்கு மாறினாள்.

"இந்தத் தடவையும் நான் வேணாம்னு சொல்லணுமா?" என்று கேட்டாள்.

"கொஞ்சம் பொறும்மா. விசாரிச்சுச் சொல்றேன்."

அவனுக்குப் போக மனமில்லை. காரின் மூக்கைக் கண்ணிமைக்கும் நேரத்தில் தூக்கும் வேலை அந்த ஊரில் கிடையாது. மருத்துவமனையில் யாரையும் அப்படித் தூக்குவதில்லை.

அடுத்த வாரம் தலைமை அலுவலகத்திலிருந்து கணக்கு அதிகாரி வந்து சேர்ந்தார். கையோடு எடை போடும் இயந்திரம் ஒன்றையும் கொண்டுவந்ததால், மத்தியானத்துக்குள் அவருக்குத் தராசு என்ற பெயர் அமைந்துவிட்டது. அவர் இஞ்சினியர்களின் ரசிகர். காரில் ஒரு கிராம் குறைந்தால்கூட வேகம் கூடும் என்று அவர்கள் பெயிண்டைச் சுரண்டுவதைப் பார்த்துக் கண்கலங்கினார்.

"இது என் மொழி," என்றார். "இத்தன வருஷமா நீங்க காருக்குப் பண்ணினத, நான் இப்ப டீமுக்குப் பண்ணப் போறேன். எடைக் குறைப்பு. வேற ஒண்ணும் இல்ல. பயப்படாதீங்க."

முதலில் சக்கரம் மாற்றும் பயிற்சியைப் பார்க்க நாற்காலி போட்டு உட்கார்ந்தார். கார் வந்தது. இருபது பேரும் பாய்ந்தார்கள். கார் போனது.

"எப்ப ஆரம்பிப்பீங்க?" என்றார் தராசு.

"முடிஞ்சுது சார்," என்றான் ஜாக்கி.

"இவ்வளவுதானா? அடுத்தது எப்ப?"

"பந்தயத்துல அநேகமா ஒரு தடவதான் சார். சில நாள் ரெண்டு."

"மிச்ச நேரம்?"

"தயாரா நிப்போம் சார்."

"இருபது பேருமா?"

"இருபது பேரும்."

தராசு கண்களை மூடிக்கொண்டார். பிறகு மெதுவாகப் பேசினார். "இருபது பேர் செஞ்சா ரெண்டு நொடி. அப்ப ஒருத்தர் செஞ்சா நாப்பது நொடி. ஒரு நிமிஷம்கூட இல்ல. ஒரு நிமிஷம் பொறுக்க முடியாத அளவுக்கு என்ன அவசரம்?"

"போட்டி சார்."

"அது மத்தவங்களோட பிரச்சினை."

மறுநாளிலிருந்து பத்துப் பேர்தான். நான்கு நொடியில் முடிய வேண்டும் என்றார். பதினொன்று ஆனது. தராசு கோபப்படவில்லை. "கணக்கு சரியாத்தான் இருக்கு," என்றார். "நீங்கதான் கணக்குக்கு ஒத்துழைக்கல."

நீக்கப்பட்டவர்களுக்குப் பிரிவு உபசாரம் நடந்தது. அவர்களை வேலையைவிட்டு நிறுத்தவில்லை என்றும், எடை குறைக்கப்பட்டவர்கள் என்றுதான் அவர்களைக் குறிப்பிட வேண்டும் என்றும் அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள்.

அதன்பின் பயிற்சிக்குக் கார் கிடைக்கவில்லை. அதைக் கம்பெனியின் ஷோரூமில் காட்சிக்கு வைத்துவிட்டார்கள். ஷோரூமுக்கு வருகிறவர்கள் பந்தயக் காரைப் பார்த்துவிட்டு, குடும்பக் கார் வாங்குவார்கள் என்பது திட்டம். பட்டறையில் டீ வண்டியை வைத்துப் பழகச் சொன்னார்கள். ஜாக்கி தினமும் டீ வண்டியின் மூக்கைத் தூக்கினான். பின் ஜாக்கி வாலைத் தூக்கினான். வண்டி பயிற்சிக்குப் போனதால் டீ நின்றது. இரண்டு செலவை ஒரே கல்லில் அடித்ததாகத் தராசு அதைத் தலைமை அலுவலகத்துக்கு எழுதினார்.

ஷோரூம் செய்தி அடுத்த கூட்டத்தில் வந்தது.

"பந்தயம் முடிஞ்ச மறுநாள் கடைக்கு வந்தவங்ககிட்ட விசாரிச்சோம்," என்றார் தராசு. "பந்தயக் காரச் சுத்திச் சுத்திப் பாத்தாங்க. பாத்துட்டு, எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்டாங்க. டிக்கி எங்க?"

இஞ்சினியர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"மக்கள் கேக்கறது டிக்கி. நாம கோடிக்கணக்குல செலவு பண்றது டிக்கியே இல்லாத கார். இத ஏன் யாரும் இதுவர கவனிக்கல? அடுத்த வருஷம் இஞ்சின் விதி வேற மாறுது. புதுசா ஒண்ணு செய்யணும். அந்தச் செலவுல ஒரு தொழிற்சாலையே கட்டலாம். அதுல டிக்கியோட கார் செய்யலாம்."

தலைமை இஞ்சினியர் தயங்கி எழுந்தார். "சார், செலவுக்கு உச்சவரம்பு இருக்கு. மத்த டீமெல்லாம் அந்த வரம்பு வரைக்கும் செலவு பண்றாங்க. நாம பாதிகூட பண்ணலைன்னா எப்படி சார் ஓடறது?"

"நல்ல கேள்வி. உச்சவரம்பு இருக்கு. கீழ் வரம்பு இருக்கா?"

"இல்ல சார்."

"அங்க நம்மள யாராலயும் நெருங்க முடியாது. நாமதான் முதலிடம். இத நீங்க பெருமையா நெனைக்கணும்."

எல்லோரும் பெருமையாக உட்கார்ந்திருந்தார்கள். கூட்டம் கலைந்ததும் ஜாக்கி தயங்கித் தயங்கி அவரிடம் போனான். "சார், கேக்கறேன்னு தப்பா எடுத்துக்காதீங்க. கம்பெனி இருக்குமா, போகுமா? வீட்டுல ஒரு முடிவு எடுக்கணும்."

தராசின் முகம் மாறியது. "ஏன், நீங்க போகப் போறீங்களா?"

"இல்ல சார், கம்பெனி..."

"கம்பெனி உங்கள நம்புது. நீங்க கம்பெனிய சந்தேகப்படறீங்க. நாளைக்கு நீங்க திடீர்னு போயிட்டா கம்பெனியோட கதி என்ன?"

இந்தக் கவலை மேலிடம்வரை போயிருக்க வேண்டும். மறுநாள் மீதமிருந்த எல்லோரையும் டீ வண்டியைச் சுற்றி நிறுத்தி, பந்தயத்தை விட்டுப் போகமாட்டோம் என்று நெஞ்சில் கைவைத்து உறுதி சொல்ல வைத்தார்கள். தராசு மேற்பார்வையிட்டார். அவர் மட்டும் உறுதி சொல்லவில்லை. தான் ஏற்கெனவே மாற்றலில் இருப்பதாகச் சொன்னார்.

"நம்மகிட்ட உறுதி வாங்கறாங்கன்னா என்ன அர்த்தம்?" என்று ஜாக்கி கேட்டான்.

"திருடன் பூட்ட செக் பண்றான்னு அர்த்தம்," என்றான் பின் ஜாக்கி.

இரண்டாவது அறிவிப்பு அடிக்கல் நாட்டு விழாவாக வந்தது. காரைக் கட்டிவைத்து அதன்மேல் காற்றடித்துப் பார்க்கும் பெரிய கூடம் ஒன்று, பட்டறைக்குப் பின்னால் கட்டப்போவதாகச் சொன்னார்கள். பந்தலும் நாற்காலியும் வந்தன. கல்லும் வந்தது. பளபளவென்று கருங்கல். தலைவரின் பெயர் பொன் எழுத்தில் இருந்தது. தூக்கி நிறுத்த ஆள் போதவில்லை. எடைக் குறைப்புதான் காரணம்.

"ஜாக்கிய கூப்பிடுங்கப்பா, அவன் தூக்குவான்," என்றார்கள்.

ஜாக்கி தன் ஜாக்கிக் கருவியைக் கல்லுக்கடியில் கொடுத்து ஓர் அழுத்து அழுத்தினான். கல் நிமிர்ந்தது. அதன் முதுகு அவன் பக்கம் திரும்பியது. அதிலும் எழுத்துகள் இருந்தன. இதே கூடத்துக்கு, இதே இடத்தில், இரண்டாவது கம்பெனியின் தலைவர் நாட்டிய அடிக்கல்.

பக்கத்தில் சிமென்ட் குழைத்துக்கொண்டிருந்த கொத்தனாரிடம், "என்னண்ணே இது?" என்றான்.

"நல்ல கல்லுப்பா," என்றார் கொத்தனார். "மொத கம்பெனிய தேச்சுட்டுத்தான் இவர எழுதியிருக்கோம். பின்னாடி ரெண்டாவது கம்பெனி அப்படியே இருக்கு. சுவத்துப் பக்கம்தானே, யாருக்குத் தெரியப் போகுது?"

"அதுக்கு இவ்வளவு கொஞ்சமா சிமென்ட் போடறீங்க?"

"நெறைய போட்டா அடுத்த தடவ பேத்தெடுக்கறது கஷ்டம்."

மேடையில் தலைவர் பேசினார். "போறவன் யாராவது கல்லு நாட்டுவானா? யோசிச்சுப் பாருங்க. நாளைக்கே போறதா இருந்தா இந்தச் செலவ நான் ஏன் பண்ணணும்?" அது உண்மையிலேயே நல்ல கேள்வி என்று ஜாக்கிக்குத் தோன்றியது. செலவு எவ்வளவு என்று கொத்தனாரைக் கேட்டான். "எழுத்துக் கூலி மட்டும்," என்றார் அவர்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னான். அவள் மகளின் மழைக்கோட்டில் அறுந்த பொத்தானைத் தைத்துக்கொண்டிருந்தாள்.

"கல்லுக்குப் பின்னாடி பழைய கம்பெனியா?"

"ஆமா."

"நீங்களே பாத்தீங்களா?"

"நான்தானே தூக்கினேன்."

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். அவள் ஒன்றும் சொல்லாதது அவனுக்கு நிம்மதியாக இருந்தது. இன்னும் ஒரு பந்தயம் இருந்தது. பிட்டில் மூக்கைத் தூக்கும் அந்த இரண்டு நொடியில் சந்தேகம் எதுவும் வருவதில்லை. அதற்கு நேரம் இருக்காது.

கடைசிப் பந்தயத்துக்குப் பிட்டில் நின்றது இரண்டு பேர். ஜாக்கியும் பின் ஜாக்கியும். ஷோரூமிலிருந்து காரை இரவல் வாங்கி வந்திருந்தார்கள். மூக்கில் விலைச்சீட்டு ஒட்டியிருந்தது. பக்கத்து டீம்களில் ஆட்கள் திருவிழாக் கூட்டம்போல நின்றார்கள். தராசு நிறுத்துக்கடிகாரத்தோடு நாற்காலியில் உட்கார்ந்தார்.

பாதிப் பந்தயத்தில் கார் சீறிக்கொண்டு வந்து நின்றது. ஜாக்கி மூக்கைத் தூக்கினான். பின் ஜாக்கி வாலைத் தூக்கினான். பிறகு இருவரும் தூக்கியதை அப்படியே விட்டுவிட்டுச் சக்கரங்களுக்கு ஓடினார்கள்.

காதில் மாட்டியிருந்த கருவியில் ஓட்டுநரின் குரல் வந்தது. "அண்ணே, மத்தவங்க எங்க?"

"எட கொறச்சாச்சு தம்பி."

"அய்யோ. எல்லாருமா?"

"நாங்க ரெண்டு பேர் இருக்கோம். நீ ஸ்டியரிங்க புடிச்சுக்கோ."

"எங்க போகப் போறேன், புடிக்க? நான் வேணா எறங்கி வரட்டுமா?"

ஒரு சக்கரம் முடிந்தது. நட்டு ஒன்று உருண்டு பக்கத்து டீமின் காலடிக்குப் போனது. அவர்கள் அதை மரியாதையாக எடுத்துக் கொடுத்தார்கள். ஓட்டுநர் பெல்ட்டைக் கழற்றிக் கீழே குதித்து, தலைக்கவசத்தோடு ஒரு சக்கரத்தை உருட்டிக்கொண்டு வந்தார். மற்ற கார்கள் எல்லாம் ஒரு சுற்று சுற்றி வந்து, அவர்களைக் கடந்து, மறுபடியும் வந்தன.

எதிரே இருந்த பெரிய திரையில் தலைவரின் பேட்டி ஓடிக்கொண்டிருந்தது.

"உங்க கார் ரொம்ப நேரமா நிக்குதே சார்?" என்றாள் நிருபர்.

"கவனிச்சீங்களா!" என்றார் தலைவர். "மத்த கார் எதுவாவது உங்க கண்ணுல நிக்குதா? சர் சர்ன்னு போயிடுது. பேர்கூடப் படிக்க முடியல. நம்ம காரத்தான் இவ்வளவு நேரமா உலகமே பாத்துக்கிட்டு இருக்கு. இந்த நேரத்த விளம்பரமா வாங்கணும்னா எவ்வளவு ஆகும் தெரியுமா? இப்படி ஒரு மேடைய விட்டு யாராவது போவாங்களா? அடுத்த அம்பது வருஷம் இங்கதான் இருப்போம்."

பிட்டில் தராசு எழுந்து வந்து, கழற்றிப்போட்ட சக்கரம் ஒன்றைத் தடவிப் பார்த்தார். "நல்லாத்தானே இருக்கு? இத எதுக்குக் கழட்டினீங்க?"

ஜாக்கி அடுத்த சக்கரத்துக்கு ஓடினான். கடைசிச் சக்கரம் பூட்டியதும் ஓட்டுநர் ஏறி உட்கார்ந்தார். பெல்ட்டை மாட்டிவிட ஆள் இல்லாததால் பின் ஜாக்கி மாட்டிவிட்டான். ஜாக்கி மூக்கை இறக்கினான். கார் போனது. ஓட்டுநர் கடைசி இடத்தில் வந்தார். கையசைத்தவர்களுக்கெல்லாம் கையசைத்தார்.

ஜாக்கி பிட்டின் பின்பக்கம் போய் மனைவிக்குப் போன் போட்டான். எதிர்முனையில் வார்டின் மிஷின்கள் கூவுவது கேட்டது.

"பாத்தியா?"

"வார்டு டிவியில பாத்தோம். எல்லா பேஷன்டும் உங்களுக்காக வேண்டிக்கிட்டாங்க."

"அம்பது வருஷம்னு சொல்லிட்டாரும்மா."

"கேட்டேன்."

கையில் கிரீஸ் காய்ந்துகொண்டிருந்தது. "நாளைக்கு அவங்களுக்குப் பதில் சொல்லிடு. வர்றோம்னு சொல்லு."

"நீங்க கல்லுக்குப் பின்னாடி பாத்த மறுநாளே சொல்லிட்டேன்."

"என்கிட்ட சொல்லவே இல்லையே?"

"நீங்க தூக்கிக்கிட்டிருந்தீங்க. நடுவுல எதுக்குன்னு விட்டுட்டேன்."

அந்த வாரமே கம்பெனியின் அறிக்கை வந்தது. பந்தயத்தை விட்டுப் போகவில்லை என்றும், பந்தயம் நடக்காத இடங்களிலிருந்து பந்தயத்துக்கு ஆதரவு தரப்போவதாகவும் அதில் இருந்தது. பலகையைக் கழற்ற ஆள் வந்தபோது ஜாக்கி வீட்டில் அட்டைப்பெட்டி கட்டிக்கொண்டிருந்தான். மூன்றாவது மழைக்கோட்டில் கண்ணாடிப் பாத்திரங்களைச் சுற்றினான்.

புது ஊரில் ஒரு கார் சர்வீஸ் கடையில் அவனுக்கு வேலை கிடைத்தது. முதல் நாளே ஒரு காருக்கு நான்கு சக்கரமும் மாற்றிவிட்டுக் கையைத் துடைத்தான். முதலாளி அவனைத் தனியாகக் கூப்பிட்டார். "இவ்வளவு சீக்கிரம் முடிச்சா கஸ்டமர்கிட்ட எப்படிப்பா கூலி கேக்கறது? கொஞ்சம் படுத்து எந்திரிச்சுச் செய்." அவன் மெதுவாகச் செய்யப் பழகிக்கொண்டிருந்தான். அது இரண்டு நொடி வேலையைவிடக் கஷ்டமாக இருந்தது.

மனைவி வேலையில் சேர்ந்து முதல் வாரம் முடிந்த அன்று, வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்கு வந்தாள். மகள் கடைசிப் பெட்டியைப் பிரித்துப் புத்தகங்களை அலமாரியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். மனைவி கையில் ஒரு பொட்டலம் இருந்தது.

"என்னம்மா அது?" என்றாள் மகள்.

"மழைக்கோட்டு. ஆஸ்பத்திரி பேர் போட்டது. எல்லாருக்கும் குடுத்தாங்க."

ஜாக்கி நிமிர்ந்தான். "கூட்டம் ஏதாவது போட்டாங்களா?"

"நிர்வாகி அஞ்சு நிமிஷம் பேசினாரு."

"போகலைன்னு எதாவது சொன்னாரா? மூடலைன்னு?"

"அதெல்லாம் ஒண்ணும் சொல்லலைங்க. சும்மா சந்தேகப்படாதீங்க." செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். "நல்ல விஷயம்தான் சொன்னாரு. எங்க வார்டுக்குன்னே புதுக் கட்டடம் வரப்போகுதாம். அடுத்த வாரம் அடிக்கல்லு. கல்லுகூட வந்து எறங்கியாச்சு. வாசல்ல சுவத்துல சாத்தி வெச்சிருக்காங்க."



மகள் கையிலிருந்த புத்தகத்தை அலமாரியில் வைக்கப் போனவள், திரும்பவும் பெட்டிக்குள் வைத்தாள்.

"சுவத்துப் பக்கம் பாத்தியா?" என்றான் ஜாக்கி.

மனைவி செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டாள்.

"நீங்க ஜாக்கிய எடுத்துக்கிட்டு வாங்க," என்றாள்.